கோடைப் பள்ளியும் மதிப்பூதியமும்: திருவனந்தபுரத்து மொழியியலை முன்னிட்டு ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

இந்தியாவில் மொழியியல் வளர்ந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதனைக் கோட்பாடுகளின் வரலாறாகவே எழுதுகின்றனர். அமைப்பியல் வந்தது, மாற்றிலக்கணம் வந்தது, சமுதாய மொழியியல் வந்தது என அவ்வரலாறு செல்லும். இவற்றுள் முதலாவது எவ்வழியே வந்தது என வினவினால், 1950களில் நடைபெற்ற கோடைப் பள்ளிகளின் வழியே என்னும் விடையும் கிடைக்கும். ஆனால், அப்பள்ளிகளில் பாடம் சொன்னவர்களுக்குப் பணம் கொடுத்தவர் யார், எக்கணக்கிலிருந்து கொடுத்தார், எப்பெயரால் கொடுத்தார் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவை அலுவலகக் கணக்கரின் கவலைகள் எனக் கருதப்பட்டமையே காரணம் எனலாம்.

அவ்வாறு ஒதுக்கத்தக்கவை அல்ல இவ்வினாக்கள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. கோடைப் பள்ளி என்னும் அமைப்பு, கோடை விடுமுறைக்கு ஊதியம் வழங்காத ஒரு நாட்டில் தோன்றி, விடுமுறைக்கும் ஊதியம் வழங்கும் ஒரு நாட்டுக்கு வந்தது. அவ்விடமாற்றத்தில் ஆசிரியருக்குரிய பணம் தன் பெயரை இழந்தது. பெயரை இழந்ததால் வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான தலைப்பையும் இழந்தது. தென்னிந்தியாவில், குறிப்பாகத் திருவனந்தபுரத்தில், மொழியியல் பெற்ற வடிவத்தை விளங்கிக்கொள்ள இவ்விழப்பு ஓரளவு உதவுகிறது.

1. ஒன்பது மாதமும் பன்னிரண்டு மாதமும்

அமெரிக்க மொழியியல் கழகம் 1924இல் நிறுவப்பெற்றது. அக்கழகத்தின் முதல் மொழியியல் பயிலகம் 1928ஆம் ஆண்டுக் கோடையில் யேல் பல்கலைக்கழகத்தில், எட்கர் ஸ்டர்ட்டெவன்ட்டை இயக்குநராகக் கொண்டு நடைபெற்றது. அடுத்த ஆண்டும் யேலிலேயே நடைபெற்றது. 1930, 1931ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரக் கல்லூரிக்கு மாறியது. 1932 முதல் 1935 வரை பயிலகம் இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய ஆண்டுகள் அவை. 1936இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அது மீண்டும் உயிர்பெற்றது. ஓர் அறிவுத்துறையின் முதன்மையான பயிற்சிக்களம் நான்கு ஆண்டுகள் மூடிக் கிடந்தமை, அத்துறையின் கோட்பாட்டு வலிமையால் மட்டும் அது நிற்கவில்லை என்பதைக் காட்டும்.

1928ஆம் ஆண்டு இந்திய மொழியியலுக்கும் நினைவுகூரத்தக்க ஆண்டே. இந்திய மொழியியல் கழகம் இலாகூரில் தோன்றியதும், கிரியர்சனின் இந்திய மொழிகள் அளவாய்வு வெளியீடு நிறைவுற்றதும் அவ்வாண்டிலேயே.

அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியரின் பணி ஒப்பந்தம் பொதுவாக ஒன்பது மாதத்துக்கு உரியது. கோடை மூன்று மாதங்களும் அவருடையவை. அம்மாதங்களில் அவர் பாடம் நடத்தினால் அதற்குத் தனி ஊதியம் உண்டு. ஆய்வு மேற்கொண்டால் ஆய்வு நல்கையிலிருந்து ஊதியம் பெறலாம். 1950இல் நிறுவப்பட்ட அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறநிறுவனம், நல்கையிலிருந்து பெறும் கோடை ஊதியம் கல்வியாண்டு ஊதியத்தில் ஒன்பதில் இரண்டு பங்குக்கு மேற்படலாகாது என்று நெடுங்காலம் விதித்திருந்தது. இப்பின்னம் கூறும் செய்தி தெளிவானது. கோடை உழைப்பு, மற்ற உழைப்பைப் போன்றே மாதக் கணக்கில் அளக்கப்பெறும் உழைப்பு. அதன் விலை ஏனைய மாதங்களின் விலையேயாகும்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கு ஆசிரியர் பன்னிரண்டு மாதமும் ஊதியம் பெறுபவர். 1922ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகளும், அவற்றைப் பின்பற்றிய மாநில விதிகளும் (கேரளப் பணி விதிகள் 1959 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன) ஆசிரியர்களை விடுமுறைத் துறையினர் என வகைப்படுத்துகின்றன. ஏனைய அலுவலர்க்குரிய ஈட்டிய விடுப்பு அவர்களுக்கு அதே அளவில் இல்லை. கோடை விடுமுறையே அதற்கு ஈடு. விடுமுறைக் காலத்தில் ஆசிரியர் பணிக்கு அழைக்கப்பட்டால், இழந்த நாள்களுக்கு ஏற்ப விடுப்பு அவர் கணக்கில் சேர்க்கப்படும். அதாவது, கோடை உழைப்புக்கு இந்திய விதிகள் தரும் இயல்பான விலை பணமாக அமைவதில்லை; அது மற்றொரு காலத்துக்குரிய ஓய்வு.

இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்பது ஈண்டு வினா அன்று. பன்னிரண்டு மாத ஊதியம் ஆசிரியரின் வாழ்வுக்குப் பாதுகாப்பு அளித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஒரு முறையில் வளர்ந்த அமைப்பை மற்றொரு முறைக்குள் நட்டபோது, 'கோடை ஆசிரியருக்கு எவ்வளவு?' என்ற வினாவுக்கு விதிநூலில் நேரிய விடை இல்லாது போயிற்று.

2. பெயர்கள்

விதிநூலில் விடை இல்லாத இடத்தில் சொற்கள் பெருகுவது இயல்பு. அடிப்படை விதிகள், ஊதியத்துக்குப் புறம்பாக அலுவலர் பெறும் பணத்தை இரண்டாகப் பகுக்கின்றன. அரசின் தொகுப்பு நிதியிலிருந்து, இடையிடையே நேரும் சிறப்புப் பணிக்காக வழங்கப்படுவது ஒன்று. இதனைத் தமிழில் மதிப்பூதியம் என்கிறோம். தொகுப்பு நிதியல்லாத வேறு மூலத்திலிருந்து வருவது மற்றொன்று. அதற்கு ஆங்கில விதி 'ஃபீ' என்னும் சொல்லை ஆள்கிறது. ஒரே வகுப்பறையில், ஒரே பாடத்தை, ஒரே ஆசிரியர் நடத்தினாலும், பணம் அரசினுடையதாயின் ஒரு பெயர், அறநிறுவனத்தினுடையதாயின் வேறு பெயர். செய்த வேலை பெயரைத் தீர்மானிப்பதில்லை. பணம் புறப்பட்ட இடமே தீர்மானிக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கே ஓர் இடர் உண்டு. 'ஃபீ' என்பதற்குத் தமிழில் கட்டணம் என வழங்குகிறோம். ஆங்கிலச் சொல் கொடுப்போர், பெறுவோர் என்னும் இருபாலாருக்கும் பொருந்தும். மருத்துவர் பெறுவதும் மாணவர் செலுத்துவதும் அதுவே. தமிழில் கட்டணம் என்பது கட்டுவோரின் சொல். மாணவர் கட்டணம் கட்டுவார். ஆசிரியர் கட்டணம் 'பெற்றார்' என்றால் வாசகர் சற்றே தயங்குவார். விதியைத் தமிழாக்குவோர் 'வெளிப்பணி ஊதியம்' போன்ற விளக்கத் தொடரை நாட நேர்வது இதனாலேயே.

மதிப்பூதியம் என்னும் ஆக்கமும் நோக்கத்தக்கது. மூலமான இலத்தீன் சொல்லில் மதிப்பு மட்டுமே உண்டு, ஊதியம் இல்லை. உரோமில் கி.மு. 204இல் இயற்றப்பெற்ற சின்சியச் சட்டம், வழக்குரைப்போர் வாதிடுவதற்காகப் பணமோ பரிசிலோ பெறுவதைத் தடைசெய்தது. எனினும் கொடுப்பது நிற்கவில்லை. பின்னர் கிளாடியசு பேரரசர் காலத்தில் பத்தாயிரம் செசுடர்சு என்னும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மதிப்பின் பொருட்டுத் தரப்பெறும் பொருளுக்கு விலைபேசுதல் தகாது, வழக்குத் தொடுத்துப் பெறவும் இயலாது என்னும் கருத்து அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தமிழாக்கம் செய்தவர்கள் மதிப்பையும் ஊதியத்தையும் சேர்த்துக் கட்டியதால் முரண் வெளிப்படையாயிற்று. ஆங்கிலம் மறைத்ததைத் தமிழ் காட்டிவிட்டது எனலாம். ஊதியம் என்பதோ திருக்குறளில் பேறு, ஆக்கம் என்னும் பொருளில் வழங்கிய சொல். மாத வருவாயைக் குறிக்க வந்தது பிற்கால வழக்கு.

சம்பளம் என்னும் சொல்லுக்குச் சம்பா நெல்லும் உப்பளமும் சேர்ந்தது எனக் கூறப்படும் விளக்கம் மக்களிடையே பெருவழக்கு. வடமொழியில் சம்பலம் என்பது வழிச்செல்வோர் கட்டிச் செல்லும் உணவைக் குறிக்கும். கோடைப் பள்ளிக்கு வந்து போன ஆசிரியர்க்குப் பயணப்படியும் நாட்படியுமே உறுதியான வருவாயாக இருந்தமையை எண்ணினால், அச்சொல்லின் பழம்பொருள் அவர்களிடம் மீண்டும் உயிர்பெற்றது எனத் தோன்றும். மலையாளத்தில் சம்பளத்தோடு வேதனம் என்னும் சொல்லும் இன்றளவும் பெருவழக்காக உள்ளது. மலையாள எழுத்தில் அதற்கும் துன்பத்தைக் குறிக்கும் வேதனை என்னும் சொல்லுக்கும் தகரம் வேறு. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். திருவனந்தபுரத்தில் இருமொழியும் அறிந்த ஆசிரியர்க்கு இது குறித்து விளக்கம் தேவைப்படாது.

3. புனேயிலிருந்து தெற்கே

1950களின் நடுப்பகுதியில் புனேயிலுள்ள தக்காணக் கல்லூரி, எசு. எம். கத்ரேயின் தலைமையில், ராக்பெல்லர் அறநிறுவனத்தின் நிதியுதவியோடு மொழித் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. அத்திட்டத்தின் மையமாகக் கோடைப் பள்ளிகள் அமைந்தன. ஹென்றி ஹெனிக்ஸ்வால்ட், கோர்டன் ஃபேர்பேங்க்ஸ், எச். ஏ. கிளீசன், சார்லசு ஃபெர்குசன், ஜான் கம்பர்ஸ், வில்லியம் பிரைட் முதலிய அமெரிக்க அறிஞர்கள் அத்திட்டத்தோடு தொடர்புற்று இந்தியாவுக்கு வந்தனர். கல்லூரிகளில் இந்திய மொழிகளையும் வடமொழியையும் ஆங்கிலத்தையும் கற்பித்துக்கொண்டிருந்தவர்கள் மாணவர்களாக அமர்ந்தனர். பள்ளிகள் புனேயோடு நில்லாமல் பிற நகரங்களிலும் நடைபெற்றன.

இங்கு இரு ஊதிய முறைகள் ஒரே வகுப்பறையில் சந்தித்தன. வெளிநாட்டு ஆசிரியரின் வருகைக்கு அறநிறுவனத்தின் பணம் இருந்தது. உடன் கற்பித்த இந்திய ஆசிரியர் தம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் விடுமுறை ஊதியத்தைப் பெற்றுக்கொண்டே வந்தார். மாணவராக அமர்ந்த விரிவுரையாளரும் அவ்வாறே. ஆகவே, வெளியார் கொடுத்த பணத்தைப் போன்றே, இந்தியப் பல்கலைக்கழகங்கள் தம்மையறியாமல் கொடுத்த பணமும் அப்பள்ளிகளைத் தாங்கியது. விடுமுறைக்கு ஊதியம் உண்டு என்னும் இந்திய விதி இல்லாதிருந்தால், நூறு கல்லுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ் விரிவுரையாளர் வந்து ஒலியியல் பயின்றிருத்தல் அரிது. மேலே இழப்பு எனச் சுட்டப்பட்டதன் மறுபக்கம் இது.

கோடைப் பள்ளியின் கால அளவு விடுமுறையின் அளவைத் தாண்ட இயலாது. ஐந்தாறு வாரங்களே கிடைத்தன. அக்கால எல்லைக்குள் எதனைக் கற்பிக்க முடியும்? ஒலிகளைப் பிரித்தல், ஒலியன்களை வரையறுத்தல், உருபன்களைக் கண்டறிந்து வகைப்படுத்தல் ஆகிய செயல்முறைகளைக் கற்பிக்கலாம். 1955இல் கிளீசனின் வருணனை மொழியியல் அறிமுகநூல் வெளிவந்திருந்தது. அதன் பயிற்சிமுறை இக்கால அளவுக்கு ஏற்றதாகவும் இருந்தது. மாணவர் ஊருக்குத் திரும்பி, தம் வட்டார வழக்கையோ தாம் பாடம் சொல்லும் ஒரு பழைய நூலையோ எடுத்துக்கொண்டு அச்செயல்முறையைப் பொருத்திப் பார்க்கலாம். ஆனால், ஒப்பியலுக்கும் கல்வெட்டு மொழி ஆய்வுக்கும் உரைமரபுப் பயிற்சிக்கும் ஆறு வாரம் போதாது. அவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் ஓர் ஆசிரியரின் அருகில் இருத்தல் வேண்டும். அதாவது நிலையான ஊதியம் பெறும் ஓர் ஆசிரியர் வேண்டும். தென்னாட்டில் 1960களிலும் 1970களிலும் வருணனை இலக்கணங்கள் பெருகியமைக்குக் கோட்பாட்டின் கவர்ச்சியைக் காரணமாகக் கூறுவர். விடுமுறைக் கணக்கும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுத்தல் எளிதன்று.

கோடைப் பள்ளிகளை இதனால் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. 1957ஆம் ஆண்டிலேயே பென்சில்வேனியாவில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியும், இந்தியானாவில் வ. அய். சுப்பிரமணியமும் முனைவர் பட்டம் பெற்றனர். 1962இல் உசுமானியாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை தோன்றியது. 1963இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தக்காணக் கல்லூரியும் மொழியியல் உயராய்வு மையங்களாகப் பல்கலைக்கழக மானியக் குழுவால் ஏற்கப்பட்டன. அதே ஆண்டில் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை தொடங்கப்பெற்றது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் விடுமுறையில் வாழ்ந்த ஓர் அறிவுத்துறை, ஈராண்டுக் காலத்தில் கல்வியாண்டுக்குள் குடிபுகுந்தது.

4. திருவனந்தபுரம்

இக்குடிபுகலின் தன்மையைத் திருவனந்தபுரத்தில் தெளிவாகக் காணலாம். அங்கு நிதியின் மூன்று வகைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்று பார்க்கப்பட்டன.

முதலாவது அறக்கட்டளை. 1937இல் நிறுவப்பெற்ற திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைவதற்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 1940களில் ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். அன்று அது பெருந்தொகை. மூன்று விழுக்காடு வட்டி எனக் கொண்டால் ஆண்டுக்கு 3,000 ரூபாய், மாதத்துக்கு 250 ரூபாய். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பின்னர் ச. வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை இங்குத் தமிழ்ப் பேராசிரியராகத் திகழ்ந்தார். ஆனால், 1973ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தில் பேராசிரியரின் ஊதிய விகிதம் 1,500 முதல் 2,500 ரூபாய் என்றாயிற்று. அந்த வட்டி மாறாதிருப்பின், தொடக்க ஊதியத்தில் ஆறில் ஒரு பங்குக்கே அது ஈடாகும். அறக்கட்டளை துறையைத் தோற்றுவிக்கும். தொடர்ந்து தாங்க வேண்டுமாயின் அரசு வரவேண்டும்.

இரண்டாவது அரசின் திட்ட நிதி. மானியக் குழுவின் முறை இங்குக் கருதத்தக்கது. 1966ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தால் மாநிலங்களுக்கு நேர்ந்த கூடுதல் செலவில் 80 விழுக்காட்டை மத்திய அரசு ஐந்து ஆண்டுகளுக்கு ஏற்றது; அதன்பின் முழுச்சுமையும் மாநிலத்துக்கு உரியது. புதிய பணியிடங்களுக்கும் இதே தருக்கமே. திட்டக் காலம் முடியும்வரை குழுவின் பணம். முடிந்ததும் மாநில அரசு ஏற்க வேண்டும். ஏற்காவிடில் பணியிடம் நிற்கும், ஆள் இருக்கமாட்டார். எனவே ஒரு துறைத்தலைவரின் திறமையில் பாதி, ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் கோப்பைத் தலைமைச் செயலகத்தில் நகர்த்துவதில் அடங்கியிருந்தது.

வ. அய். சுப்பிரமணியம் அத்தகைய திறமை உடையவர் என்பதில் இருவேறு கருத்து இல்லை. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் 1926இல் பிறந்த அவர், நாஞ்சில்நாட்டுத் தமிழ் வழக்கை ஆராய்ந்து இந்தியானாவில் பட்டம் பெற்றவர். அவர் அமெரிக்காவில் இருந்தபோதே, 1956 நவம்பர் 1 அன்று நாஞ்சில்நாடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவனந்தபுரத்துத் தமிழ்த்துறை தன் இயற்கையான மாணவர் நிலத்தை இழந்தது. அந்நிலையில் அத்துறை உள்ளூர் மாணவரை மட்டும் நம்பி நிற்க இயலாது. பிற மாநிலங்களிலிருந்து ஆய்வாளர்களை ஈர்க்க வேண்டும். மொழியியல் அதற்கு வழி திறந்தது. அவர் உருவாக்கிய புறநானூற்றுச் சொல்லடைவு 1962இல் வெளிவந்தது. சங்க நூல்கள் பலவற்றுக்கு வருணனை இலக்கணம் எழுதும் ஆய்வுகள் அவர் வழிகாட்டலில் தொடர்ந்தன. மொழியியல் துறை மலையாளத்தின் வழக்குகளைக் கள ஆய்வு செய்து, ஈழவர், தீயர் வழக்குகளைப் பற்றிய தொகுதியை 1974இல் வெளியிட்டது. ஒரே அளவுகோலால் பழைய பாட்டையும் வாழும் பேச்சையும் அளக்கலாம் என்னும் துணிவு இப்பணிகளில் உண்டு. கோடைப் பள்ளிகள் பரப்பிய அளவுகோலே அது; அதனை ஆண்டு முழுவதும் கையிலெடுத்து உழைக்க ஊதியம் பெறும் ஆட்கள் இப்போது இருந்தனர் என்பதே வேறுபாடு.

மூன்றாவது வகையே மிகவும் ஆராயத்தக்கது. 1971இல் திராவிட மொழியியற் கழகம் தோன்றியது. 1972 முதல் அதன் ஆங்கில ஆய்விதழ் வெளிவரலாயிற்று. 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி நிறுவப்பெற்றது. 'பள்ளி' என்னும் பெயர் வெறும் தற்செயல் அன்று எனக் கருத இடமுண்டு. கோடையில் கூடிக் கலையும் பள்ளியை நிலையான கட்டடத்துக்குள் கொண்டுவரும் முயற்சியாக அதனைக் காணலாம். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, கழகம் ஒன்றின் பொறுப்பில் அது இயங்கியமையால், திட்டக் காலத்தின் முடிவும் பணியிட ஒப்புதலும் அதனைக் கட்டுப்படுத்தவில்லை. ஆனால், பல்கலைக்கழகத்தின் ஊதிய விகிதமும் அதற்கு உரியதாகவில்லை. ஓய்வூதியம் பெறும் மூத்த அறிஞர்களின் உழைப்பும், உறுப்பினர் சந்தாவும், நூல் விற்பனையும், அவ்வப்போது வரும் அரசு மானியமும் ஓர் ஆய்வு நிறுவனத்தை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்கு அது ஒரு சான்று. மூன்று தொகுதிகளாக 1990களில் வெளிவந்த திராவிடக் கலைக்களஞ்சியம் அத்தொலைவு குறுகியதன்று என்பதைக் காட்டுகிறது. ஆயினும், ஓய்வூதியம் என்பதும் முன்னர் ஒரு பல்கலைக்கழகமோ அரசோ கொடுத்த ஊதியத்தின் நீட்சியே. அதாவது, 1950களில் விடுமுறை ஊதியம் செய்த பணியை இங்கு ஓய்வூதியம் செய்தது. இரண்டிலும் செலவு உண்டு. ஆனால் அது நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படவில்லை.

1981இல் தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியபோது சுப்பிரமணியம் அதன் முதல் துணைவேந்தரானார். முழுமையாக மாநில அரசின் நிதியில் ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகம் என்னும் அம்முயற்சி தனிக் கட்டுரைக்கு உரியது.

5. சான்றிதழின் காலம்

1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதே காலத்து ஊதியத் திருத்தமும் கோடைப் பள்ளியின் பொருளை மாற்றின. பதவி உயர்வுக்குப் புத்தொளிப் பயிற்சியும் நெறிப்படுத்தும் பயிற்சியும் தேவை என்றாயிற்று. அவற்றை நடத்துவதற்கென 1987இல் கல்வியாளர் பயிற்சிக் கல்லூரிகள் மானியக் குழுவின் நிதியில் பல பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றன. கேரளப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. நெறிப்படுத்தும் பயிற்சி நான்கு வாரம், புத்தொளிப் பயிற்சி மூன்று வாரம். பின்னர் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் எனவும், 2023இல் மாளவியா ஆசிரியர் பயிற்சி மையங்கள் எனவும் பெயர் மாறின.

இம்மாற்றத்தால் பயன் விளையவில்லை எனக் கூறுவது நேர்மையாகாது. நிதிக்கு முதன்முறையாக நிலையான தலைப்பு கிடைத்தது. ஆனால், மாணவராக அமர்பவரின் ஊக்கம் மாறியது. 1955இல் புனேக்குச் சென்ற விரிவுரையாளருக்கு அங்குக் கற்றதைத் தவிர வேறு ஆதாயம் உறுதியாக இல்லை. 1988இல் வந்தவருக்கோ சான்றிதழ் ஊதிய உயர்வாக மாறக் காத்திருந்தது. நிதி கற்பவர் பக்கம் சாய்ந்தது எனலாம். கற்பிப்பவர் கருத்தாளர் என்னும் புதுப்பெயரோடு பழைய மதிப்பூதியத்தையே பெற்றார். ஒருவரே மூன்று வாரம் உடனிருந்து கற்பித்த நிலை அருகி, ஒரு நாளைக்கு இரண்டு கருத்தாளர்கள் வந்து ஆளுக்கொரு சொற்பொழிவு நிகழ்த்தித் திரும்பும் வழக்கம் பரவியது. மணிக்கணக்கில் மதிப்பூதியம் வழங்கப்படும் இடத்தில் பாடம் மணிக்கணக்காக உடைவதில் வியப்பில்லை.

2015இல் தொடங்கிய பன்னாட்டுக் கல்வியாளர் வலையமைப்புத் திட்டம், 1950களின் முறையை அரசுப் பணத்தில் மீண்டும் கொணர்ந்தது. அதன் தொடக்க விதிகளின்படி, வெளிநாட்டு ஆசிரியர் 12 முதல் 14 மணிநேரம் கற்பித்தால் பயணச் செலவும் மதிப்பூதியமும் உட்பட 8,000 டாலர் வரையிலும், 20 முதல் 28 மணிநேரம் கற்பித்தால் 12,000 டாலர் வரையிலும் வழங்கலாம். அப்பாடங்களைக் கோடையிலோ குளிர்காலத்திலோ வெளிநாட்டாரின் விடுமுறையை ஒட்டி அமைக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் விருந்தினர் விரிவுரையாளருக்கு 2019 சனவரியில் மானியக் குழு விதித்த உச்ச அளவு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய். பன்னிரண்டு விரிவுரைக்கு 18,000 ரூபாய் ஆகும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுதல் முழுதும் பொருந்தாது; முன்னதில் விமானச் செலவு அடக்கம். எனினும் ஒப்பீட்டை வாசகர் தவிர்க்கமாட்டார்.

விருந்தினர் விரிவுரையாளரின் நிலையே இவ்வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். கேரளக் கல்லூரிகளில் ஏப்ரல், மே மாதங்கள் விடுமுறை. சூன் தொடக்கத்தில் பருவமழையோடு கல்வியாண்டு பிறப்பது நெடுநாளைய வழக்கம். வகுப்பை எண்ணி ஊதியம் பெறுவோர்க்கு வகுப்பில்லாத மாதங்களில் வருவாய் இல்லை. அமெரிக்க ஆசிரியரின் ஒன்பது மாதம் இவ்வாறாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதில் இரண்டு பங்கு மட்டும் உடன் வரவில்லை. 1950களின் கோடைப் பள்ளியில் மாணவராக அமர்ந்த விரிவுரையாளரைத் தாங்கிய விடுமுறை ஊதியம் இவரிடம் இல்லை. ஆகவே இன்று ஒரு கோடைப் பள்ளி அறிவிக்கப்பட்டால், அதற்கு வருவதற்கு மிகுந்த தேவை உடையவரும், வருவதற்கு மிகக் குறைந்த வசதி உடையவரும் அவரே.

அவருக்கு இரு மாநிலங்களும் வழங்கியுள்ள பெயர்கள் மொழிபெயர்ப்பாளரின் கவனத்துக்கு உரியவை. கேரளத்தில் அவர் அதிதி அத்தியாபகர், அதாவது விருந்தாக வந்த ஆசிரியர். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் அவர் கௌரவ விரிவுரையாளர். அவர் பெறுவது தொகுப்பூதியம். ஆங்கிலத்தில் பதவிப்பெயரின்முன் வரும் 'கௌரவ' என்னும் அடை ஊதியம் பெறாதவரைக் குறிக்கும். தமிழ்நாட்டில் அது ஊதியம் மிகக் குறைந்தவரைக் குறிக்கிறது. அரசாணை ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால், பணம் வேண்டாது பணியாற்றும் ஒரு மூத்த அறிஞரை அயல்நாட்டு வாசகர் மனத்தில் காண்பார்.